பேராசிரியர் சேனக பிபிலே: பெயரும் மருந்தும்

பெரியோர் வரலாற்றை எழுதப் புகுவோர் அவர் பிறந்த ஊரையும் பெற்ற பட்டங்களையும் முதலிற் கூறுதல் மரபு. நான் அம்மரபை விட்டு, என் தகப்பனாரின் குளிகைப் போத்தலிலிருந்து தொடங்குகின்றேன். வாசகர் என்னைப் பொறுத்தருள்க. பேராசிரியர் சேனக பிபிலே அவர்களை நான் நேரிற் கண்டதில்லை. அவர் பேச்சைக் கேட்டதுமில்லை. எனினும், அவர் செய்த காரியம் ஒன்று எங்கள் வீட்டுக் கிணற்றடி வரை வந்து, ஒரு வினாவை விட்டுச் சென்றது. அவ்வினாவின் பொருட்டே அவர் வாழ்க்கையைக் கற்கலானேன்.

1973 ஆம் ஆண்டு. அப்பொழுது நான் பேராதனை வளாகத்தில் விஞ்ஞான மாணவன். ஐயாவுக்குச் சலரோகம். பல ஆண்டுகளாக ஒரே குளிகையையே அவர் உட்கொண்டு வந்தார். அதன் பெயரை நெருங்கிய உறவினர் ஒருவரின் பெயரைச் சொல்வதுபோல வாஞ்சையோடு சொல்வார். விடுமுறைக்கு நான் வீடு வந்திருந்த சமயம், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் வழக்கமாக மருந்து வாங்கும் கடையில் அந்தப் பெயர் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக வெள்ளைக் குளிகைகள் சில கடதாசிப் பையில் இட்டுத் தரப்பட்டன. பையின் மேல் நாவில் எளிதாகப் புரளாத இரசாயனப் பெயரொன்று எழுதப்பட்டிருந்தது. விலையோ முன்னையதிலும் மிகக் குறைவு. இரண்டும் ஒன்றே என்பதற்கு மேல் கடைக்காரர் எதுவும் கூறவில்லை.

ஐயா பையை என்னிடம் காட்டினார். விஞ்ஞானம் கற்கின்ற செருக்கில் நானும் இரண்டும் ஒன்றே என்றேன். அஃது எனக்கு எவ்வாறு தெரியும் என்று அவர் வினவினார். என்னிடம் விடையில்லை. மகனின் மௌனத்தைத் தகப்பன் தன் போக்கிற் பொருள் செய்துகொண்டார். மலிவான பொருளில் வலுக் குறைவாகவே இருக்குமென முடிவு செய்து, எவரிடமும் சொல்லாமல் ஒன்றுக்கு இரண்டாக விழுங்கத் தொடங்கினார். மூன்றாம் நாள் மாலை கிணற்றடியில் உடல் வியர்த்து, கைகால் நடுங்கி, கண் மங்கிச் சுவரிற் சாய்ந்துவிட்டார். நல்ல காலமாக நினைவு தப்புமுன் அம்மா சீனித் தண்ணீர் பருக்கினார். குளிகையில் வலு இருந்ததென்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் சான்று தேடும் முறை அதுவன்று என்பதையும் அன்று நான் உணர்ந்தேன்.

அந்த வெள்ளைக் குளிகை வந்த வழியைப் பின்னர் விசாரித்தபோதுதான் பிபிலே என்ற பெயர் என் செவியில் விழுந்தது.

கற்றவரும் கற்பித்தவரும்

சேனக பிபிலே 1920 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பிறந்தார். ஊவாப் பிரதேசத்துப் பழைய பிரபுத்துவக் குடும்பம் அவருடையது. கண்டி திரித்துவக் கல்லூரியிற் பயின்று, கொழும்பில் மருத்துவம் கற்றார். 1942 ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது பழைய மருத்துவக் கல்லூரி அதன் பீடமாயிற்று. அப்பீடத்திலிருந்து 1945 இல் முதல் வகுப்பிற் சித்தியெய்தி வெளியேறினார். அத்தகைய சித்தி பெற்ற இளைஞருக்குச் செல்வமும் செல்வாக்கும் காத்திருந்த காலம் அது. நோயாளரின் நாடி பார்த்துப் பொருளீட்டும் வழியை அவர் நாடவில்லை, மருந்தியலை நாடினார். எடின்பரோ சென்று அத்துறையில் ஆராய்ந்து 1952 இற் கலாநிதிப் பட்டம் பெற்று மீண்டார். 1958 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் மருந்தியற் பேராசிரியராக அமர்ந்தார். பின்னர் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகி, மருத்துவம் கற்பிக்கும் முறையையே ஆராய்வதற்கென அங்கே தனிப் பிரிவொன்றை அமைத்தார். அரசியலில் அவர் இடதுசாரி. லங்கா சமசமாஜக் கட்சியைச் சார்ந்தவர்.

பிரபுத்துவக் குடும்பத்திற் பிறந்தவர் பொதுவுடைமை நோக்குக் கொண்டதும், பொருளீட்டும் தொழிலைக் கற்றவர் கரும்பலகையை விரும்பியதும் ஒரே மனத்தின் இரு விளைவுகள் எனலாம். மருந்தியல் ஆசிரியர் என்ற முறையில் அவர் நாள்தோறும் கண்ட காட்சி ஒன்று உண்டு. மாணவனுக்கு விரிவுரை மண்டபத்தில் மருந்தின் உண்மைப் பெயர் கற்பிக்கப்படும். அதே மாணவன் வைத்தியனாகி வெளியேறியதும் வணிகப் பிரதிநிதிகள் அவனைச் சூழ்வர். அன்றிலிருந்து அவன் எழுதுவது கம்பனி சூட்டிய பெயர். ஆசிரியன் ஐந்தாண்டு கற்பித்ததை விளம்பரத் துண்டு ஐந்து நிமிடத்தில் அழித்துவிடும்.

இங்கே பெயர்களைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். ஒவ்வொரு மருந்துக்கும் குறைந்தது இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று உலகத்துக்கே பொதுவானது. உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் இத்தகைய பொதுப்பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிடுகின்றது. மற்றது உற்பத்தியாளர் தமக்கென உரிமை செய்துகொண்ட வணிகப் பெயர். பனடோல் என்று நாம் கேட்டு வாங்குவதன் பொதுப்பெயர் பரசிற்றமோல். பொதுப்பெயர் ஒன்று, வணிகப் பெயர்களோ பல. புதிய மருந்தைக் கண்டறிந்தவருக்குக் காப்புரிமை இருக்கும் வரை அவர் வைத்ததே விலை. ஆராய்ச்சிக்கு இட்ட பெருஞ்செலவை மீட்க வேண்டுமென்பது அவர்கள் நியாயம். அதிலும் உண்மை உண்டு. ஆனால் காப்புரிமைக் காலம் கழிந்து, எவரும் அம்மருந்தை ஆக்கலாம் என்ற நிலை வந்த பின்னரும் பெயருக்காகவே பழைய விலை கொடுத்து வருதல் ஏழை நாடொன்றுக்குத் தகுமா என்பதே பிபிலே எழுப்பிய கேள்வி.

கூட்டுத்தாபனம் பிறந்த கதை

ஐம்பதுகளின் பிற்பகுதியிலேயே அவரும் அவர்தம் சகாக்களும் அரசாங்க வைத்தியசாலைகளுக்கென மருந்துக் கையேடொன்றை ஆக்கும் பணியில் ஈடுபட்டனர். தேவையான மருந்துகள் எவை, தேவையற்றவை எவை என்று தெரிந்து, பொதுப்பெயரால் அவற்றை நிரற்படுத்துதல் அதன் நோக்கம். 1970 இல் ஐக்கிய முன்னணி அரசாங்கம் பதவியேற்றது. மருத்துவரும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பிபிலேயும் இணைந்து, நாட்டின் மருந்து நிருவாகம் பற்றிய அறிக்கையொன்றை 1971 இற் சமர்ப்பித்தனர். அவ்வறிக்கையின் பயனாக அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. அதன் முதல் தலைவர் பிபிலே. ஒசுசல என்று நாம் இன்றும் அறிந்திருக்கும் மருந்துக்கடைகள் அக்கூட்டுத்தாபனத்துக்கு உரியவை.

அவர் கைக்கொண்ட வழி மிக எளியது. தனியார் துறையில் இறக்குமதியான ஏறக்குறைய 2100 மருந்துகளை நிபுணர் குழு ஆராய்ந்தது. ஒரே மருந்தின் பல பெயர்களும், பயனற்ற கலவைகளும் நீக்கப்பட்டு, ஏறக்குறைய 600 எஞ்சின. அவற்றைப் பொதுப்பெயராற் குறித்து, உலகெங்குமிருந்து கேள்விப்பத்திரம் கோரி, நாடு முழுவதற்கும் ஒரே கையாற் கொள்வனவு செய்ய முற்பட்டனர். பல மருந்துகள் முன்னைய விலையிற் பாதிக்கும் குறைவாக வந்திறங்கின. எங்கள் ஐயாவின் கடதாசிப் பையின் விலை இறங்கியதும் இக்காலத்திலேயே.

எதிர்ப்பும் எழுந்தது. நோயாளருக்கு எதை எழுதுவதென்பது தம் உரிமை என்று வைத்தியர் பலர் வாதிட்டனர். பன்னாட்டு உற்பத்தியாளர் தம் செல்வாக்கை அரசாங்கத்தின் உயர்மட்டம் வரை செலுத்தினர். ஆயினும் எதிர்ப்பாளர் எழுப்பிய வாதங்களுள் ஒன்றை மட்டும் வெறும் வணிகச் சூழ்ச்சி என்று தள்ளிவிட முடியாது. பொதுப்பெயர் ஒன்றாயிருப்பதால் இரு குளிகைகளும் ஒன்றாகிவிடுமா என்பதே அவ்வாதம். கல்விமான்கள் எழுப்பிய அவ்வினாவும், கல்வியறிவு குறைந்த என் தகப்பனார் எழுப்பிய வினாவும் ஒன்றே.

ஒன்று என்பது எவ்வாறு தெரியும்?

இவ்வினாவின் வலுவை அறிய அக்காலத்து இரு நிகழ்ச்சிகளை நினைவுகூர வேண்டும்.

முதலாவது அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. வலிப்பு நோய்க்குரிய பெனிற்றோயின் என்னும் மருந்தை உறையிலிட்டு விற்றுவந்த உற்பத்தியாளர், 1968 ஆம் ஆண்டளவில், மருந்தோடு நிரப்பும் துணைப்பொருளை மாற்றினார். கல்சியம் சல்பேற்று இருந்த இடத்தில் லக்டோசு வந்தது. மருந்தின் அளவு மாறவில்லை, பெயரும் மாறவில்லை. ஆயினும் மருந்து முன்னையிலும் மிகுதியாக இரத்தத்திற் சேர்ந்தது. தள்ளாட்டமும் மயக்கமுமாக நோயாளர் பலர் நஞ்சுற்ற நிலையை அடைந்தனர். இரண்டாவது அமெரிக்காவில் அறியப்பட்டது. இருதய நோய்க்குரிய டிஜொக்சின் குளிகைகளைப் பல உற்பத்திகளிலிருந்து பெற்று, ஒரே அளவாகக் கொடுத்து ஆராய்ந்தவர்கள், இரத்தத்திற் காணப்பட்ட உச்சச் செறிவு ஏழு மடங்கு வரை வேறுபட்டதை 1971 இல் வெளியிட்டனர். அது விக்கிரமசிங்க–பிபிலே அறிக்கை வெளிவந்த அதே ஆண்டு.

இவற்றிலிருந்து பெறப்படும் உண்மை இருபுறமும் கூரானது. பெயர் வேறாயினும் மருந்து ஒன்றாயிருக்கலாம். பெயர் ஒன்றாயினும் மருந்து வேறாகலாம். அவுஸ்திரேலியாவில் துன்பம் விளைத்தது மலிவான போட்டிக் குளிகையன்று. புகழ்பெற்ற அதே வணிகப் பெயரே. ஆகவே பெயரை நம்பியிருந்தாலும் காப்பில்லை. பெயரை மட்டும் நீக்கினாலும் போதாது.

குளிகையொன்றில் மருந்து எவ்வளவு உண்டு என்பதை இரசாயன சாலை சொல்லிவிடும். மருந்து நூல்கள் விதிக்கும் தூய்மை, அளவு ஆகியவற்றை அவ்வாறு சோதிக்கலாம். ஆனால் உண்ட குளிகை வயிற்றிற் கரைய வேண்டும். கரைந்தது குடலைக் கடந்து இரத்தத்திற் சேர வேண்டும். எவ்வளவு சேர்கின்றது, எவ்வளவு விரைவிற் சேர்கின்றது என்பதையே இன்றைய விஞ்ஞானம் அளவுகோலாகக் கொண்டுள்ளது. இதனை உயிரியற் சமவலு என்பர்.

அதை அளக்கும் முறையை என் மாணவர்க்கு நான் விளக்கியவாறே இங்கும் கூறுகின்றேன். பொதுவாக இருபத்துநான்கு முதல் முப்பத்தாறு வரையான உடல்நலமுள்ளோர் தாமாக முன்வருவர். பாதிப் பேருக்கு முதல் மருந்தும் மற்றப் பாதிப் பேருக்கு அதற்கு நிகரெனப்படும் மருந்தும் கொடுக்கப்படும். குறித்த நேரங்களில் இரத்தம் எடுத்து, மருந்தின் செறிவு அளக்கப்படும். பின்னர் உடலிலிருந்து மருந்து முற்றாக நீங்கும் வரை காத்திருந்து, இரு சாராரும் மருந்தை மாற்றிக்கொள்வர். ஆகவே ஒருவர் மற்றொருவரோடு ஒப்பிடப்படுவதில்லை. ஒவ்வொருவரும் தம்மோடு தாமே ஒப்பிடப்படுகின்றனர். நேரத்துக்கு எதிராகச் செறிவை வரைந்தால் ஏறி இறங்கும் வளையி ஒன்று தோன்றும். வளையியின் கீழுள்ள பரப்பு, உடலிற் சேர்ந்த மொத்த அளவைக் காட்டும். அதன் உச்சி, சேர்ந்த விரைவை உணர்த்தும். இவ்விரண்டின் விகிதங்களும், அவற்றுக்குரிய நூற்றுக்குத் தொண்ணூறு நம்பிக்கை ஆயிடைகளோடு, 80 க்கும் 125 க்கும் இடைப்பட்ட எல்லைக்குள் முற்றாக அடங்க வேண்டும்.

இந்த எண்களைக் கண்டு, நிகர்மருந்தில் நூற்றுக்கு இருபது பங்கு குறையலாம் என்று படித்தவர்களே பேசக் கேட்டிருக்கின்றேன். அது தவறு. ஐந்தில் நான்கும் நான்கில் ஐந்தும் ஒன்றுக்கொன்று தலைகீழ் எண்கள். எந்த மருந்தை எதனோடு ஒப்பிட்டாலும் ஒரே தீர்ப்புக் கிடைக்குமாறு வகுக்கப்பட்ட எல்லை அது. அவ்வெல்லை குளிகையிலுள்ள மருந்தின் அளவுக்கு உரியதன்று. சராசரிக்கு மட்டும் உரியதுமன்று. ஐயத்துக்கு இடமான முழு ஆயிடையும் அதற்குள் அடங்க வேண்டுமாதலால், சராசரி நூற்றுக்கு அருகில் இல்லாத மருந்து பெரும்பாலும் தேறாது. அமெரிக்காவில் 1996 முதல் 2007 வரை அங்கீகாரம் பெற்ற நிகர்மருந்துகளின் 2070 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடலிற் சேர்ந்த மொத்த அளவின் சராசரி வேறுபாடு நூற்றுக்கு மூன்றரை அளவினதாகவே இருந்தது. சிறு வேறுபாடும் தீங்கு செய்யவல்ல சில மருந்துகளுக்கு எல்லை இதனினும் நெருக்கமாக விதிக்கப்படுவதுமுண்டு.

இவ்விதிகள் ஒரே நாளில் எழுந்தவையல்ல. உயிரியற் சமவலு பற்றிய அமெரிக்க ஒழுங்குவிதிகள் 1977 ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தன. நிகர்மருந்துக்கு எளிய அங்கீகார வழியைத் திறந்த சட்டம் 1984 இல் இயற்றப்பட்டது. 1973 இல் ஐயா என்னிடம் வினவியபோது, நான் மட்டுமல்ல, உலகமே அவ்விடையைத் தேடிக்கொண்டிருந்தது.

பணியும் முடிவும்

இப்பின்னணியில் வைத்து நோக்கும்போதே பிபிலேயின் துணிவும் பொறுப்பும் விளங்கும். முற்றான அளவுகோல் உலகுக்கு அமையும் வரை காத்திருந்திருப்பாராயின், ஏழை நோயாளர் பலர் மருந்தின்றியே மாண்டிருப்பர். எனவே அவர் கையிலிருந்த அளவுகோலைப் பயன்படுத்தினார்: நிபுணர் தெரிவு, மருந்து நூல்களின் தர விதி, சோதனை, வைத்தியர்க்கு நடுநிலையான அறிவுரை. வெறும் மலிவை நாடிய வணிகராக அன்றி, மருந்தியற் பேராசிரியராகவே அவர் கொள்வனவு செய்தார். அவர் திட்டத்திற் குறையில்லை என்று நான் கூறேன். தட்டுப்பாடும் தாமதமும் பற்றிய முறைப்பாடுகள் அக்காலத்தில் உண்டு. என் மனத்திற்படும் பெருங்குறை வேறொன்று. பேராசிரியர் மண்டபத்தில் விளங்கியது ஆஸ்பத்திரி வீதிக் கடையில் விளங்கவில்லை. குளிகை மாறியதைச் சொன்னவர்கள் மாறியதன் நியாயத்தை நோயாளிக்குச் சொல்லவில்லை. அந்தக் குறைக்குக் கூட்டுத்தாபனத்தை மட்டும் நொந்து பயனில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பொறுப்பாளி நானே.

1976 ஆம் ஆண்டு ஓகஸ்டு மாதம் அணிசேரா நாடுகளின் தலைவர்கள் கொழும்பிற் கூடினர். இலங்கையின் மருந்துக் கொள்கையை அடியொற்றிய தீர்மானமொன்று அம்மாநாட்டில் நிறைவேறியது. அக்காலத்தில் பிபிலே ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டு அமைப்பின் ஆலோசகரானார். ஏனைய ஏழை நாடுகளுக்கும் இவ்வழியைக் காட்டும் பணி அவருடையதாயிற்று. அப்பணியில் தென்னமெரிக்காவின் கயானா நாட்டுக்குச் சென்றிருந்தபோது, 1977 ஆம் ஆண்டு செப்டெம்பர் 29 ஆம் நாள் அங்கே காலமானார். வயது ஐம்பத்தேழு. அந்த ஆண்டிலேதான் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலைத் தொகுத்தது. இலங்கையிலும் அவ்வாண்டே ஆட்சி மாறிற்று. தனியார் இறக்குமதிக்கு மீண்டும் கதவு திறந்தது. வணிகப் பெயர்கள் கடைத் தட்டுகளுக்குத் திரும்பின.

பிபிலே கொள்கை என்று மக்கள் வழங்கிய கோரிக்கை மட்டும் மறையவில்லை. 2015 ஆம் ஆண்டு 5 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை நிறுவப்பட்டபோது, அவர் பெயரே பலர் வாயிலும் இருந்தது. ஆயினும் 2022 இல் நேர்ந்த பொருளாதார நெருக்கடியில் மருந்துக்குப் பெருந்தட்டுப்பாடு வந்தது. அடுத்த ஆண்டில், அரசாங்க வைத்தியசாலைகளுக்கு வந்த இம்யூனோகுளோபுலின் மருந்து போலியெனத் தெரிந்து, அவ்விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம், மலிவு மருந்தென்றால் இப்படித்தான் என்று சிலர் தலையசைப்பர். அவர்கள் இரு வேறு காரியங்களை ஒன்றாக்குகின்றனர். சோதிக்கப்பட்டுச் சமவலு நிறுவப்பட்ட மருந்து வேறு. சோதனையைத் தப்பி உள்ளே வந்த பொருள் வேறு. பின்னையதற்கு அஞ்சி முன்னையதைத் துறப்பது, கள்ள நாணயத்துக்கு அஞ்சி நாணயமே வேண்டாமென்பதை ஒக்கும். அதே சமயம், நாணயத்தை உரைத்துப் பார்க்கும் கல்லைப் பேணாத அரசு மக்களின் நம்பிக்கையைக் கேட்கும் தகுதியையும் இழந்துவிடும். ஏழைக்கு மருந்தின் விலை குறைந்தாற் போதாது; குறைந்த விலை மருந்தை அச்சமின்றி விழுங்கும் நிலையும் வேண்டும்.

ஐயா மறைந்து பல ஆண்டுகளாயின. இன்று நானும் சலரோகி. மாதந்தோறும் கிளினிக்கில் வரிசையில் நின்று, பொதுப்பெயர் எழுதிய கடதாசிப் பையைப் பெற்றுக்கொள்கின்றேன். சென்ற மாதம் பக்கத்திலிருந்த முதியவர் ஒருவர் தம் குளிகையின் நிறம் மாறிவிட்டதென்று கவலையோடு என்னிடம் காட்டினார். இரண்டும் ஒன்றே என்று சொல்லி நான் நிறுத்திக்கொள்ளவில்லை. பையிலிருந்த பெயரையும் பழைய பையிலிருந்த பெயரையும், இரண்டின் அளவையும் அவரையே எழுத்துக் கூட்டி வாசிக்கச் செய்தேன். மருந்து கொடுப்பவரிடமும் அழைத்துச் சென்று கேட்கச் செய்தேன். ஒன்றுக்கு இரண்டாக உண்ணலாகாது என்பதையும் எங்கள் கிணற்றடிக் கதையோடு சொன்னேன். எங்கள் முறை வரும் வரை பேசிக்கொண்டிருந்தோம். பேராசிரியர் பிபிலே என்னும் பெயரை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாராம்.